யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்

அக்காவுக்குச் சோறு இறங்காமல் போனதை முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குமாரபாளையத்தில் தறிப்பட்டறை வைத்திருப்பவர்கள் நின்றுகொண்டே சாப்பிடுகிறவர்கள். தொண்டையில் ஒரு வாய் நின்றால் ஒரு மடக்குத் தண்ணீரைக் குடித்துவிட்டு அடுத்த தறிக்குப் போய்விடுவார்கள். அக்காவும் அப்படித்தான் பல மாதங்களை ஓட்டியிருக்கிறாள். பிறகு இட்லியை மோரில் கரைத்துக் குடித்தாள். பிறகு வெறும் கஞ்சி. பொங்கலுக்கு நான் போயிருந்தபோது அவள் கையில் கரும்பை வைத்துக்கொண்டு கடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். கன்ன எலும்பு தெரிந்தது. அன்றைக்கே பிடிவாதம் பிடித்து அவளை என்னோடு சேலத்துக்குக் கூட்டிவந்தேன்.

உணவுக்குழாய் தொடங்கும் இடத்தில் கட்டி இருந்தது. அதை எடுப்பதென்றால் குரல்வளையையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும் என்றார் மருத்துவர். கழுத்தில் ஒரு துளை வைப்பார்கள், அதன் வழியாக மூச்சு விடுவார், சாப்பாடு இறங்கும்.

"பேச்சுங்க?" என்று மாமா கேட்டார். மாமா என்பது அக்காவின் கணவர்.

"பேச்சு இருக்காதுங்க" என்றார் மருத்துவர். அவர் அதை ஒளிக்காமல் சொன்னதற்காக இன்றுவரை எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு.

படி இறங்கும்போது அக்கா சொன்னாள்: "அப்பறமென்ன, பட்டறைல பேசறாப்பலயே எல்லாப் பக்கமும் பேசிக்க வேண்டீதுதான்."

பட்டறையில் தறிகள் ஓடும்போது எந்தக் குரலும் எடுபடாது. அங்கே வேலை செய்கிறவர்கள் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். நூல் அறுந்ததும், ஊடை நூல் சுற்றிய தார் தீர்ந்ததும், டீ வந்ததும் எல்லாம் உதட்டசைவுதான். நானும் அந்தச் சத்தத்தில் வளர்ந்தவள் என்பதால் எனக்கும் அது வரும். மாமாவுக்கு வரும். அவர்கள் மகளுக்கும் வரும். ஆனால் அக்காவின் உலகம் பட்டறையோடு முடிவதல்ல. நூல் கடை, சாயப் பட்டறை, சரக்கு ஏற்றும் லாரி ஆபீஸ் எல்லாவற்றோடும் தொலைபேசியில் பேசியது அவள்தான். மாமா அதிகம் பேசமாட்டார். சேலத்தில் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்த மகளோடு தினமும் பேசியதும் அவள்தான்.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அஸ்தம்பட்டியில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்தில் இருக்கிறேன். ஜவுளி வியாபாரிகளுக்குப் பில் போடும் மென்பொருள் எழுதுவது சம்பளத்துக்கான வேலை. சம்பளமில்லாமல் இன்னொரு வேலையும் பல வருடங்களாகச் செய்துவந்தேன். எழுதிய தமிழைக் கணினி வாய்விட்டுப் படிப்பதற்கான ஒரு மென்பொருளில் எனக்கும் பங்கு இருந்தது. அது கட்டற்ற மென்பொருள். அதற்கு முதலாளி கிடையாது. நிரல் முழுவதும் இணையத்தில் திறந்து கிடக்கும். யாரும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம், எடுத்துப் பயன்படுத்தலாம். பெரும்பாலும் பார்வையற்றவர்கள் பயன்படுத்தினார்கள்.

அதில் எனக்கென்று அமைந்த மூலை எண்கள். திரையில் இலக்கமாக இருப்பதை வாய் எப்படிச் சொல்லும் என்று கணினிக்குக் கற்றுக்கொடுப்பது. விலையாக இருந்தால் ஆயிரம், லட்சம் என்று சேர்த்துப் படிக்க வேண்டும். தொலைபேசி எண்ணாக இருந்தால் ஒவ்வொன்றாக உதிர்த்துப் படிக்க வேண்டும். இரண்டையும் அது குழப்பிக்கொள்ளும். அந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம் இருந்தது. வீட்டில் யாருக்கும் அது புரியவில்லை. "சும்மா செய்யற வேலைக்கு இத்தன நேரமா?" என்று அக்காவே கேட்டிருக்கிறாள்.

மருத்துவமனையிலிருந்து வந்த மறுநாள் அந்தத் திட்டத்தை ஒருங்கிணைப்பவருக்கு எழுதினேன். அவர் மலேசியாவில் இருக்கிறார். முகம் தெரியாது. கணக்கில் ஒரு செம்பருத்திப் பூவின் படம் மட்டும் இருக்கும். உடனே பதில் வந்தது. அமைதியான அறையில் அக்கா வாக்கியங்களைப் படித்துப் பதிவுசெய்தால், அந்தக் குரலிலேயே கணினியைப் பேசவைக்க முடியும் என்றார். அறுவைக்கு நாள் குறித்தாகிவிட்டது, அவகாசம் குறைவு என்றேன். "இன்றே தொடங்குங்கள்" என்று எழுதினார்.

அமைதியான அறைக்கு எங்கே போவது? பட்டறை வீட்டில் நினைத்தே பார்க்க முடியாது. என் வீடு ஏற்காடு சாலைக்குப் பக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறப் போகும் வண்டிகளின் உறுமல் கேட்டுக்கொண்டே இருக்கும். சாமான் போடும் உள்ளறையைக் காலி செய்து, சுவர் நான்கிலும் அக்காவின் தறியில் நெய்த போர்வைகளைக் கட்டித் தொங்கவிட்டேன். மின்விசிறியை நிறுத்தினோம். அந்தப் புழுக்கத்தில் அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கையில் தண்ணீரும் ஒரு கையில் துண்டுமாகப் படித்தாள். விழுங்குவதுதான் அவளுக்கு வேதனை. குரல் அப்போதும் தெளிவாக இருந்தது.

திட்டத்தில் எல்லோருக்கும் பொதுவான வாக்கியங்கள் இருந்தன. எல்லா ஒலிகளும் வரும்படி தேர்ந்தெடுத்தவை. "மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனுக்கள் பெறப்பட்டன." "ஏரியின் கரையில் மழைநீர் வழிந்தோடியது."

"இதையெல்லாம் எவன் பேசறான்?" என்றாள் அக்கா.

"ஒலிக்காகத்தான் அக்கா."

"நா என்ன ரேடியோலயா பேசப்போறன்? எனக்கு வேண்டீத நா சொல்றன், அதையும் புடிச்சுக்க."

அப்படி அவளுடைய வாக்கியங்களும் உள்ளே வந்தன. "நூலு எப்பங்க வரும்?" "ஏனுங்க, போன தடவ குடுத்த சாயம் வெளுத்துப்போச்சு, என்னங்க இப்படிப் பண்றீங்க?" "சாமி, சாப்புட்டயா?" கடைசியில் சொன்னது மகளுக்கானது. அதைச் சொல்லிவிட்டு மைக்கைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தாள். நான் பதிவை நிறுத்தவில்லை. பிறகு அவளே, "ம், அடுத்தது" என்றாள்.

படித்து முடித்த அன்று மலேசியாக்காரர் ஒன்று கேட்டார். இந்தக் குரலை அக்காவின் போனுக்கு மட்டும் வைத்துக்கொள்வதா, திட்டத்தில் எல்லோருக்கும் பொதுவாக வைப்பதா? தமிழில் திறந்த குரல்கள் குறைவு, பெண் குரல் இன்னும் குறைவு, ஆனாலும் கட்டாயமில்லை என்றார். அக்காவிடம் சொன்னேன். பொதுவில் வைத்தால் என்ன ஆகும் என்பதை மறைக்காமல் சொன்னேன்.

"யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம் அக்கா. எதுக்கு வேணும்னாலும். நாம கேக்க முடியாது."

"எடுத்துக்கட்டும். என்ற கொரலு என்ன தங்கமா?" என்றாள். பிறகு, "என்னயாட்டமே தொண்டைய எடுத்தவ எங்கியாச்சும் இருப்பாளல்ல. அவளுக்கு ஆவும். போடு" என்றாள்.

அறுவை முடிந்து அவள் மருத்துவமனையில் இருந்தபோதே குரல் உருவாகிக்கொண்டிருந்தது. முதலில் வந்தது தகரப் பெட்டிக்குள்ளிருந்து பேசுவதுபோல இருந்தது. மலேசியாக்காரரும், எந்த ஊர் என்றே தெரியாத இன்னும் சிலரும் ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள். என் அக்காவின் மூச்சுச் சத்தத்தைக்கூட உட்கார்ந்து கேட்டு, எங்கே வெட்டலாம், எங்கே விடலாம் என்று முன்பின் தெரியாதவர்கள் பேசிக்கொண்டதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. ஓரளவு தேறியதும் மருத்துவமனை வராந்தாவில் மாமாவிடம் போட்டுக் காட்டினேன். "சாப்புட்டீங்களா?" என்று எழுதிப் பேசவைத்தேன். அவர் போனை வாங்கி, அழைப்பு வந்ததுபோலக் காதில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அவ கடைசில கொஞ்சம் இழுப்பா அம்மிணி. 'சாப்புட்டீங்களாஆ'ன்னு" என்றார். மலேசியாக்காரருக்கு அதை எழுதினேன். எந்த முயற்சியிலும் அந்த இழுப்பு மட்டும் வரவில்லை.

வீட்டுக்கு வந்தபின் அக்காவுக்குப் பட்டறையில் அந்தக் குரல் தேவைப்படவில்லை. உதடு போதும். தொலைபேசிக்குத்தான் வேண்டியிருந்தது. முதல் அழைப்பு நூல் கடைக்கு. எழுதி, பொத்தானை அழுத்த, குரல் பேசத் தொடங்கியதும் அந்தப் பக்கம் துண்டித்துவிட்டார்கள். மறுபடி அழைத்தாள். மறுபடி துண்டித்தார்கள். ஏதோ கம்பெனிக்காரர்களின் பதிவுசெய்த அழைப்பு என்று நினைத்துவிட்டார்களாம். அக்கா தோள் குலுங்கச் சிரித்தாள். சத்தமே இல்லாத சிரிப்பு. கழுத்துத் துளையில் காற்று மட்டும் வந்துபோனது. அதற்குப்பின் எந்த அழைப்பையும் "நாந்தானுங்க, கட் பண்ணீராதீங்க" என்றே தொடங்கினாள்.

மகளுக்கு அது பிடிக்கவில்லை. "அம்மா, நீ மெசேஜே அனுப்பு" என்பாள். அக்கா விடமாட்டாள். விடுதியில் இருக்கும் மகளுக்கு மாலையில் அழைத்து, எழுதி எழுதிப் பேசுவாள். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் நீண்ட இடைவெளி விழும். அந்த இடைவெளியில் தறிச் சத்தம் கேட்கும் என்று பிற்பாடு அவள் மகள் என்னிடம் சொன்னாள். கொஞ்ச நாளில் அவளும் பழகிக்கொண்டாள்.

ஒரு வருடம்கூட முழுதாகக் கிடைக்கவில்லை. நோய் திரும்ப வந்தது, இந்த முறை நுரையீரலில். விரல்களுக்கு எழுதும் வலுப் போனபிறகு போன் தலையணைக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது. நாங்கள் உதட்டைப் பார்த்தோம். கடைசியில் உதட்டிலும் சொற்கள் தெளிவாக இல்லை. கோடையில், வீட்டிலேயே போனாள். எங்கள் தறிகளை நிறுத்தியிருந்தோம். எதிர்ச்சாரியில் இருந்தவர்களும் தாங்களாகவே நிறுத்திவிட்டார்கள். அந்தத் தெரு அவ்வளவு அமைதியாக இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்தக் குரல் திட்டத்திலேயே இருந்தது. பெயர் எதுவும் போடாமல் 'கொங்குப் பெண் குரல்' என்று மட்டும் வைத்திருந்தோம். நான் அதைத் திறந்து கேட்கவில்லை. எண்களில் மட்டும் எப்போதும்போல வேலை செய்துகொண்டிருந்தேன்.

வருடத் திதி முடிந்து சில மாதங்கள் ஆகியிருக்கும். அலுவலகத்தில் இருந்தபோது அக்கா மகள் அழைத்தாள். விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தாள்.

"சித்தி, அப்பாவுக்கு ஒரு போன் வந்துச்சு" என்றாள். "அம்மா பேசுது சித்தி. மனை விக்கிதாமா."

எனக்குப் புரியவே நேரம் பிடித்தது. அன்று மதியமே பேருந்து பிடித்துப் போனேன். மாமா முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பட்டறையில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள், இவர் மட்டும் உள்ளே இருந்தார். போனை என்னிடம் நீட்டினார். வந்த எண்ணுக்குத் திரும்ப அழைத்தால் அதே பதிவு ஓடுமாம். அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"வணக்கம்! ஓமலூர் அருகே, நெடுஞ்சாலையை ஒட்டி, அனைத்து வசதிகளும் கொண்ட வீட்டு மனைகள் விற்பனைக்கு. மேலும் விவரங்களுக்கு ஒன்றை அழுத்தவும். மீண்டும் கேட்க இரண்டை அழுத்தவும்."

அக்காதான். சந்தேகமே இல்லை. 'வணக்கம்' என்பதில் அவளுக்கு 'க்' கொஞ்சம் அழுந்தும். நடுவில் சதுர அடி விலையும் வந்தது. ஆயிரத்தையும் நூறையும் பிசிறில்லாமல் சேர்த்துப் படித்தது. அது நான் எழுதிய நிரல்.

"எத்தன தடவ கேட்டீங்க மாமா?" என்றேன்.

அவர் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவர் மகள் உள்ளேயிருந்து வந்தாள். "காத்தாலிருந்து அதேதான் சித்தி. ரெண்டு, ரெண்டு, ரெண்டுன்னு அமுக்கிக்கிட்டே இருக்காங்க. சோறுகூட உங்கல. நடுவால ஒன்னையும் அமுக்கிட்டாங்க போல. அந்த மனைக்காரங்க வேற கூப்புட்டுக்கிட்டே இருக்காங்க, எப்பங்க சார் எடம் பாக்க வர்றீங்கன்னு."

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நிறுத்தச் சொல்லுங்க சித்தி. எங்கம்மா கண்டவனுக்கும் மனை விக்கறதுக்கா பொறந்துச்சு?"

அந்த அலுவலகம் சேலத்திலேயே ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தது. மறுநாள் போனேன். சண்டை போடும் நோக்கத்தில்தான் போனேன். விளம்பரம் பார்த்துக்கொள்பவர் முப்பது வயதிருக்கும், சாதுவான ஆள். எந்தக் குரல் என்று சொன்னதும் கணினியைத் திருப்பி என் பக்கம் காட்டினார்.

"நெட்ல ஃப்ரீயா இருந்துச்சுங்க மேடம். நா அப்படியே எடுக்கலீங்க, லைசென்ஸ் பூராப் படிச்சேன். வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம்னு போட்டிருந்துச்சு. எங்கிருந்து எடுத்தோம்னு சொல்லோணும்னு இருந்துச்சு, எங்க வெப்சைட்லயும் போட்டிருக்கோம், பாருங்க."

போட்டிருந்தார்கள். பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில், எங்கள் திட்டத்தின் பெயர். நிபந்தனைகள் அத்தனையையும் ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒரு ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பெரிய நிறுவனங்களே அதைச் செய்வதில்லை.

"மத்த கம்ப்யூட்டர் கொரலெல்லாம் வெலயத் தப்புத் தப்பாப் படிக்குமுங்க. இது சுத்தமாப் படிக்குது. அதான் புடிச்சிருந்துச்சு" என்று வேறு சொன்னார். பிறகுதான் கேட்டார். "இது உங்க கொரலுங்களா மேடம்?"

"எங்கக்கா."

"ஓ. அவங்களுக்கு ஏதாச்சும் சங்கடமுங்களா? அவங்க ஒரு வார்த்த சொன்னாப் போதுமுங்க."

"அவ இல்லீங்க. எறந்துட்டா" என்றேன். "உங்க விளம்பரம் அவ ஊட்டுக்காரருக்கே போயிருக்குதுங்க."

அவர் எழுந்து நின்றுவிட்டார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டார். "அய்யோ. எண்ணெல்லாம் மொத்தமா வாங்கறதுங்க மேடம். ஆரு என்னன்னு தெரியாதுங்க. நாளைக்கே மாத்திடறனுங்க. சத்தியமா" என்றார்.

மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். படி இறங்கும்போது எனக்குள் கோபம் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. யாரிடம் கோபப்படுவது? அவர் செய்தது அத்தனையும் அக்கா அனுமதித்தது.

சொன்னபடியே மாற்றினார்கள். அந்த வார இறுதியில் போனபோது மாமா பட்டறை வாசலில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை நிறுத்தினார்.

"அம்மிணி, நீ மாத்தச் சொன்னயா?"

"உங்க பாப்பா அழுதா மாமா."

"இப்ப எவனோ ஒருத்தன் பேசறான்" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்தக் குரல் என்னிடம் இருக்கிறது, உங்கள் போனிலும் போட்டுத் தருகிறேன், என்ன எழுதினாலும் பேசும் என்று சொன்னேன். அவர் தலையை அசைத்தார்.

"நானே எழுதி நானே கேக்கறதா? அது அவ பேசறதாவுமா?" மறுபடி நூலைக் கையில் எடுத்தார். "அன்னைக்கு அதுவாக் கூப்புட்டுச்சு அம்மிணி. நா எதிர்பாக்கவே இல்ல. எடுத்தா, அவ. மனையோ மண்ணோ, எனக்கென்ன? அவ என்னமோ சொல்றா, நா கேக்கறன். அவ்வளவுதான்."

உள்ளே போய்த் தறியை ஓட்டினார். நான் வாசலில் நின்றேன். அந்தச் சத்தத்தில் உதட்டைப் பார்த்தால்தான் பேச்சு. அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

அக்கா மகள் அதோடு விடவில்லை. திட்டத்திலிருந்தே குரலை எடுத்துவிட வேண்டும் என்றாள். "இன்னைக்கு மனை விக்கிறாங்க. நாளைக்கு வேற எதுக்காச்சும் எடுத்தா?" மலேசியாக்காரருக்கு எழுதினேன். அவர் திட்டத்தில் பங்களிப்பவர்கள் எல்லோரும் பார்க்கும்படி விஷயத்தை வைத்தார். சிலர் வருத்தப்பட்டார்கள். உரிமத்தை மாற்றலாம், வியாபாரத்துக்குக் கூடாது என்று போடலாம் என்றார்கள். ஏற்கெனவே எடுத்துக்கொண்டவர்களுக்கு அது பொருந்தாது என்று வேறு சிலர் சொன்னார்கள். அக்கா கொடுத்ததை நாம் திரும்ப வாங்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கேள்வி நியாயமானது. ஆனால் அந்த வீட்டுக்குள் இருந்துகொண்டு கேட்ட கேள்வி அல்ல. கடைசியில் மலேசியாக்காரர், "குடும்பம் சொன்னால் எடுத்துவிடுவோம். ஆனால் வெளியே போன பிரதிகளை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது" என்று முடித்தார்.

நீக்கும் வேலையை நானே செய்தேன். இன்னொருவர் கையால் அது நடப்பதை நான் விரும்பவில்லை. கோப்பை அழித்து, காரணம் எழுதும் இடத்தில் 'குடும்பத்தின் வேண்டுகோள்' என்று எழுதினேன். ஒரு வாரம் போயிருக்காது, யாரோ வேறொரு இடத்தில் அதே குரலை ஏற்றிவைத்திருந்தார்கள். கெட்ட எண்ணம் இல்லை. நல்ல குரல் அழிந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்ததாக எழுதியிருந்தார்கள். நன்றிகூடச் சொல்லியிருந்தார்கள்.

பிறகு ஒரு செய்தி வந்தது, மட்டக்களப்பிலிருந்து. எழுதியவரும் தொண்டை அறுவை செய்துகொண்டவர். எங்கள் விவாதத்தைப் படித்திருக்கிறார், வேறிடத்தில் ஏற்றியிருந்த பிரதி அவருக்குத் தெரியவில்லை. "இந்தக் குரல் ஆருடையது எண்டு எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது. தெரிஞ்சிருந்தா முதலே நன்றி சொல்லியிருப்பன்" என்று எழுதியிருந்தார். "என்ர சின்ன மகனுக்கு என்ர பழைய குரல் ஞாபகமில்லை. அவனுக்கு இதுதான் அம்மாட குரல். என்ர ஃபோன் பழுதாகிக்கொண்டு வருது. புதுசு வாங்கினா திரும்பப் போட ஏலாது எண்டு சொல்லுறாங்கள். உங்களுக்கு விருப்பமில்லாட்டி விட்டிருங்கோ. நான் குறை நினைக்கமாட்டன்."

அதை அக்கா மகளிடம் காட்டினேன். முடிவு என்னுடையதல்ல என்று எனக்குப் பட்டது. விடுதி வாசலில், புளியமரத்தடியில் நின்று படித்தாள். படித்துவிட்டு மேலே தள்ளி மறுபடி படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"குடுத்துருங்க சித்தி" என்றாள். "ஆனா அவங்க பேசறத எனக்குப் போட்டுக் காட்டாதீங்க. எப்பவும்."

அனுப்பிவிட்டேன். வந்துசேர்ந்ததாக ஒரு வரி எழுதினார். நானும் அவர் பேசிக் கேட்டதில்லை.

அதற்குப்பிறகு கொஞ்ச காலம் நான் திட்டத்தின் பக்கமே போகவில்லை. யாரும் வற்புறுத்தவில்லை. ஒருநாள், கோடி என்று வரும் எண்களில் ஒரு பிழை இருப்பதாக ஒரு பார்வையற்ற வங்கி ஊழியர் எழுதியிருந்தார். அவர் வேலைக்கு அது வேண்டியிருந்தது. உட்கார்ந்து திருத்தி அனுப்பினேன். இப்போதும் அப்படி அவ்வப்போது செய்கிறேன். முன்பிருந்த சந்தோஷம் இல்லை. செய்ய வேண்டியிருக்கிறது, செய்கிறேன்.

கார்த்திகையில் மாமா தறிச் சாமான் வாங்கச் சேலத்துக்கு வந்திருந்தார். அக்கா போனபின் அவராக என் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. சட்டையெல்லாம் புழுதி. காபி கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "ஓமலூருக்குப் போய்ட்டுத்தான் வாரேன் அம்மிணி" என்றார்.

"அங்க எதுக்கு மாமா?"

"அந்த மனைய ஒருக்கா பாத்துரலாம்னு. அவ அத்தன தடவ சொன்னாளே."

நான் எதிரில் உட்கார்ந்தேன். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"பொட்டக்காடுதான். கல்லு நட்டு மஞ்சப் பெயிண்டு அடிச்சிருக்கறாங்க. ஒரு ஊடுகூட வரல. எடம் காட்டுனவன்கிட்டத் தண்ணி வசதி இருக்குதாங்கன்னு கேட்டன், வந்துருமுங்கன்னுட்டுப் போய்ட்டான்." காபியை ஒரு வாய் குடித்தார். "செத்த நேரம் அங்கியே நின்னுட்டு இருந்தன். ஒருத்தரும் இல்ல. அப்பறம் பஸ்ஸு வந்துச்சு, ஏறிட்டன்."

டம்ளரைக் கீழே வைத்தார். இன்னொரு கடைக்குப் போக வேண்டும், சாத்திவிடுவார்கள் என்றார். சாமான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி நடந்தார்.